காவல் சுற்று

காலையிலிருந்து ஒன்பது பேரைக் காணவில்லை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அண்ணனுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

நாளைக்குக் கண் ஆபரேஷன் என்று தேதி வாங்கியவர்களின் பெயர்கள் அவை. யாரும் ரத்து கேட்கவில்லை. ஆனாலும் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக்குள் பட்டியலில் கை வைக்கும் அனுமதி வரவேற்பில் இருக்கும் அவன் தங்கை ஒருத்திக்குத்தான்.

“நாலு மணிக்குள்ள யாருன்னு தெரியணும். இல்லன்னா உங்க தங்கச்சி வீட்டுக்குப் போகலாம்” என்றார் மேனேஜர்.

“தெரியாம கைபட்டிருச்சா? உண்மையைச் சொல்லு” என்றான் அண்ணன்.

“சத்தியமா நான் தொடலைண்ணா. நீயே நம்பலன்னா வேற யாரு நம்புவா?”

அவள் கண் கலங்கியது. இந்த வேலையை அவளுக்கு வாங்கித் தந்ததே அவன்தான்.

பட்டியலுக்கான ஏபிஐயையும், அதாவது மற்ற மென்பொருள்கள் வந்து தகவல் கேட்கும் வாசலையும், கட்டியவன் அவனே. கூட வேலை பார்ப்பவள், எதற்கும் விதி பேசுவதால் ‘இலக்கணம்’ என்று பெயர் வாங்கியவள், அப்போதே முணுமுணுத்தாள். “பார்க்க ஒரு வழி, ரத்துக்கு வேற வழின்னு உலகம் பூரா ஒரு வழக்கம் இருக்கு. நீ நோயாளிக்கு அனுப்பறதுல ரெண்டுக்கும் ஒரே மாதிரி லிங்க் வச்சிருக்க.”

“நோயாளி ஒரு தட்டு தட்டினா வேலை முடியுது. அதுக்கு எதுக்குத் தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும்?” என்று சிரித்தான் இவன்.

இன்று காலைதான் ஒரு காவல்காரனையும் வைத்திருந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மூன்று பெயர்களை எடுத்து, அவர்களுடைய லிங்க்குகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வரும் சின்ன புரோகிராம்.

திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே! காவல்காரனைப் பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று வரச் சொன்னான். அரை மணி நேரத்தில் இன்னும் ஒன்பது பெயர்கள் போயின.

“துணிச்சல் கூடிப்போச்சு” என்று பல்லைக் கடித்தான். மணி மூன்றே முக்கால். தங்கையைக் கூப்பிட்டு மேனேஜர் பக்கத்தில் நிறுத்தினான். “கையைக் கட்டிக்கிட்டு நில்லு. இப்ப யாருன்னு தெரிஞ்சிடும்.”

காவல்காரனைத் தானே ஒரு சுற்று அனுப்பினான். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, பட்டியலில் மூன்று பெயர்கள் காணாமல் போயின. அவள் கட்டிய கையைப் பிரிக்கவே இல்லை.

“காவல்காரன் என்னத்தைத்தான் பார்த்தான்?” அண்ணன் கத்தினான். “ரிப்போர்ட் வந்திருக்கும், படி!”

தங்கை திரைப்பக்கம் குனிந்தாள்.

“மூணு பேரோட லிங்க் எல்லாத்தையும் தட்டிப் பார்த்தாச்சாம். ரத்து லிங்க் நல்லா வேலை செய்யுதாம்ண்ணா.”