மாசானமுத்துவின் மூச்சு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கற்பூரத்தில் அடித்துச் சத்தியம். கபடிக்காரர் எல்லார் நெஞ்சிலும் மூச்சளக்கும் கருவி பதித்திருந்த காலம் அது. ‘மூச்சு தீர்ந்தது’ என்று கருவி சொன்னதால், உப்பளக் காளைகள் அணி மாசானமுத்துவை இரண்டு சீசனாக பெஞ்சில் உட்கார வைத்தது. வேறு அணிக்கும் விடவில்லை. அவன் ஒப்பந்தத் தகராறு தீர்க்கும் நடுவரிடம் வழக்குப் போட்டான்.

“கருவி பொய் சொல்லாதுல்லா, அண்ணே,” என்றாள் மேலாளர் டெய்சி.

“அப்ப ஒங்க ஒப்பந்தத்தையே ஒரே மூச்சுல வாசிக்கேன், தாயி. நடுவுல மூச்சு விட்டா பெஞ்சுலயே கெடக்கேன்.”

முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்துவரை வாசித்து முடித்தான். கருவி வெட்கப்பட்டுத் தானே அணைந்துகொண்டது. நடுவர் எழுந்து நின்று அவனை விடுவித்தார். டெய்சியே கைதட்டினாள். அன்று மாலையே வேறு அணிக்கு இறங்கி, எதிரணியில் ஏழு பேரையும் ஒரே மூச்சில் ‘கபடி கபடி’ பாடித் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான்.

அந்த ஒப்பந்தம் மொத்தமே ஒன்றரை வரி.