வாசலில் நின்ற வைட்டமின்

வாசுகியின் கணினித் திரையில், அவள் ஆய்வுக்காக உருவாக்கிய ஒரு பெட்டி நிறைய நீருக்குள் உடம்பின் நொதி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. ரத்தத்தை உறையவைக்க உழைத்துக் களைத்த வைட்டமினை மறுபடி புதுசாக்கி அனுப்புவது அதன் வேலை. ஆனால் அதன் வாசலை ஒரு மருந்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வைட்டமின் வந்து முட்டிப் பார்த்தது. விலகிப் போய் வலது சுவர் வழியாக வெளியேறியது. வெளியேறியதுமே, அந்தப் பெட்டியின் விதிப்படி, இடது சுவர் வழியாக உள்ளே வந்தது. மூன்று வாரமாக இதேதான்.

அந்த மருந்தைத்தான் தம்பி சேந்தனும் தினமும் விழுங்குகிறான், நெஞ்சுக்குள் வைத்த உலோக வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க.

போனில் அவன்தான்.

"அக்கா, இன்னைக்கு முருங்கைக்கீரைப் பொரியல். ஒரு வாய் சாப்பிட்டுக்கவா? டாக்டர்கிட்ட சொல்லிடாத."

"ஒரே ஒரு வாய்தான்டா."

அதே வைட்டமின் நிறைந்த கீரையை அவன் மெல்லுவது காதில் கேட்டது. திரையில் வைட்டமின் மறுபடியும் வாசலில் வந்து நின்றது. அவளுக்குப் பாவமாக இருந்தது. சும்மா பார்க்கலாமே என்று திரையிலிருந்த மருந்தை அழித்தாள். திறந்த வாசல் வழியாக நொதியின் பள்ளத்துக்குள் வைட்டமின், வீடு வந்து சேர்ந்த பிள்ளை மாதிரி, மெல்ல இறங்கியது.

மெல்லும் சத்தம் நின்றது.

"சேந்தா?"

நீலத் தண்ணீரில் எல்லாம் நிதானமாக அசைந்துகொண்டிருந்தன. மருந்தைத் திரும்ப வைக்கும் பொத்தானை வாசுகி தேடிக்கொண்டே இருந்தாள்.