வாலில் ஒரு வளையம் குறைவு

“சார், இந்த வால்ல எத்தனை வளையம் இருக்கு? நீங்களே எண்ணுங்க.”

மேற்பார்வைக்குப் புதிதாக வந்திருந்த பெண், அச்சுக்குப் போகவேண்டிய படத்தை ஓவியரின் மேஜையில் வைத்தாள். ஓவியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“நாலு.”

“எத்தனை இருக்கணும்?”

“அஞ்சு.”

“கூகைநரியைப் பெத்தவரே நீங்கதான். உங்களுக்கே மறந்துபோச்சா?”

அவர்கள் கம்பெனியின் அட்டை விளையாட்டில் இருநூறு பிராணிகள் உண்டு. பிள்ளைகளின் செல்லம் கூகைநரிதான். நரி உடம்பு, கூகை முகம், மூன்று வால். வருடத்துக்கு ஒரு புது அட்டைக்கட்டு கடைக்கு வரும்; அதில் கூகைநரி ஒரு புதுக் கோலத்தில் நிற்கும். கூடவே ஒரு தப்பும் நிற்கும்.

அவள் கையிலிருந்த கோப்பைத் திறந்தாள். “ஏழு வருஷம், ஏழு தப்பு. ஒரு வருஷம் கிழிஞ்ச காது இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போயிடுச்சு. இன்னொரு வருஷம் கால்ல ஒரு நகத்தைக் காணோம். போன வருஷம் நிலா இருக்கிற பக்கமே நிழலும் விழுது! அட்டை கடைக்குப் போன பத்தாம் நாள் டாண்ணு ஒரு லெட்டர். ‘ஓவியர் அவர்களுக்கு, காது மாறிவிட்டது. இப்படிக்கு, ஓர் அட்டைப் பிரியர்.’ ஏழு லெட்டரோட நகலும் இதுல இருக்கு, ஏழும் ஒரே கையெழுத்து. பேரும் கிடையாது, ஊரும் கிடையாது. பூதக்கண்ணாடியும் கையுமா இதே வேலையா உக்காந்திருப்பாங்க போல!”

“கண்ணு கூர்மைதான்,” என்றார் ஓவியர்.

“மெச்சிக்கிறீங்களாக்கும்! முதலாளி என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? இன்னும் ஒரு தப்பு அச்சாச்சுன்னா கூகைநரியை வேற ஆளு வரைவாங்களாம்.”

ஓவியர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “இந்த ஒரு தடவை இப்படியே விட்டுடுங்களேன், மேடம். ஒரு வளையம்தானே? யாரு எண்ணப் போறா?”

“யாரு எண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவர் பேனாவை எடுத்து ஐந்தாவது வளையத்தைப் போட்டார். அவர் எடுத்துக்கொண்ட அவ்வளவு நேரம் ஒரு வளையத்துக்கு ஆகாது.

கடிந்து பேசிவிட்டோமோ என்று அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்க சார். கூகைநரி பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லுங்க, நம்ம கம்பெனி ஆண்டு மலருக்கு வேணும். ஏன் மூணு வால்?”

“ஒண்ணு வச்சேன், நாய் மாதிரி இருந்துச்சு. ரெண்டு வச்சேன், கத்தரிக்கோல் மாதிரி இருந்துச்சு. மூணாவது வந்தப்புறம்தான் உயிர் வந்துச்சு.”

“காது ஏன் கிழிஞ்சிருக்கு?”

“மை சொட்டிடுச்சு. அதை மறைக்கக் காதைக் கிழிச்சேன்.”

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். “முதல் படம் எதுல வரைஞ்சீங்க?”

“ஒரு மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம். அதுல ஒரு கண்ணுக்கு இமை இல்ல.”

“அப்பவே ஆரம்பிச்சாச்சா! ஆமா, யாருக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு?”

ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை ஓவியர் மறுபடி சீவினார்.

“அது மலருக்கு வேணாம், மேடம்.”

அட்டைகள் கடைக்குப் போயின. பத்தாம் நாள் காலை, ஓவியர் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“லெட்டர் ஏதாவது வந்துச்சா?”

“வரல சார். நிம்மதியா இருங்க.”

பதினொன்றாம் நாளும் கேட்டார். பன்னிரண்டாம் நாளும் கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு, வாசலருகே தபால் வைக்கும் தட்டைப் பார்க்கத் தோதாகத் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை.

“என்ன சார், பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்கு நிக்கிற பிள்ளை மாதிரி! அதான் அஞ்சு வளையமும் இருக்கே, எதுக்குப் பயப்படுறீங்க? தேடித் தேடிப் பார்த்து அலுத்துப்போய் அவங்க இந்த ஆட்டத்தையே விட்டிருப்பாங்க.”

“விட்டிருப்பாங்களா?” என்று கேட்டார் ஓவியர். அவர் முகம் விழுந்துவிட்டது. அவள் பார்க்கிறாள் என்றதும் திறந்திருந்த மேஜை இழுப்பறையை அவசரமாக மூடினார். அதற்குள் உள்ளே இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். ஏழு உறைகள், கசங்காமல், வருட வரிசையில்.

“அட, திட்டி வந்த லெட்டரையெல்லாம் பத்திரமா வேற வச்சிருக்கீங்களா? கிழிச்சுப் போடவேண்டியதுதானே!”

“இருந்துட்டுப் போகட்டும். இடத்தையா அடைக்குது?”

இருபதாம் நாள் அவளே உறையும் கையுமாக ஓடிவந்தாள்.

“சார், அதே கையெழுத்து! எப்படி சார்? முகம், காது, நகம், வளையம், எல்லாத்தையும் நானே உக்காந்து எண்ணினேனே! இப்போ என்னத்தைக் கண்டுபிடிச்சுத் தொலைச்சாங்களோ. உங்க கூகைநரி போச்சு, போங்க!”

ஓவியர் எழுந்தார்.  “படிங்க,” என்றார்.

அவள் உறையைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள்.

“ஓவியர் அவர்களுக்கு, மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டேன், வருடா வருடம் எனக்காக நீங்கள் வைக்கும் தப்பு இந்த முறை எங்குமே இல்லை. பயமாக இருக்கிறது, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அப்பா?”