மூன்றாவது குறிக்கண்ணாடி

துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் மூன்றாவது குறிக்கண்ணாடியையும் துப்பாக்கிக் கடை மேசைமேல் தொப்பென்று வைத்தார் அவர்.

"இதுவும் டப்பா! உள்ள சிவப்புப் புள்ளி தெரியும்னு சொல்லித்தானே வித்தீங்க? நசுங்குன தக்காளி மாதிரில்ல தெரியுது! சனிக்கிழமை வான்கோழி வேட்டை சீசன் ஆரம்பம். இதை மாட்டிக்கிட்டு எதைச் சுடறது?"

கடைக்காரி டார்லா அதை எடுத்துப் பார்த்தாள். "எனக்கு உருண்டையா, அழகாத் தெரியுதே சார்."

"பார்வையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. கண்ணுல கோளாறு இருந்தாத்தான் புள்ளி இப்படிச் சிதறும். போன மாசம்தான் நம்ம ஊருக்கு ஒரு கண் டாக்டர் வந்திருக்காரு, ஹோல்காம்னு பேரு. பெரிய கெட்டிக்காரராம். ஒரு தடவை காட்டிடுங்களேன்."

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்து ஊர்ல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்றார் டாக்டர் ஹோல்காம்.