வயிறு இளக்கும் மருந்து

"மாமா, வயிறு கல்லு மாதிரி இருக்கு. தசை இளக்குற மருந்தைப் போடுங்க," என்றான் மச்சினன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாய் டாக்டர் ஊசியை எடுத்தார்.

மயக்கத்தில் மல்லாந்து கிடந்தது நாய். கருத்தடை ஆபரேஷன். வாயு ஏற்றிய வயிறு பந்தாக உப்பியிருந்தது. ஒரு துளையில் காமிரா, இன்னொன்றில் கத்தரி.

ஒரு சாண் கிழித்து, விரலை விட்டுச் சினைப்பையைத் துழாவி எடுக்கிற காலத்தில் இந்த மேஜைக்கு டாக்டர்தான் ராஜா. இப்போது தலைமாட்டில் ஸ்டூல் போட்டு மயக்க மருந்து பார்க்கிறார். மச்சினன் வெளியூரில் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்ததிலிருந்து இப்படி.

பொறாமை என்றால் கோபித்துக்கொள்வார். தொழில் அக்கறை என்பார்.

மருந்து போடாமல், தசை இளகாமல் உள்ளே இடம் போதாவிட்டால் மச்சினன் காமிராவை வைத்துவிட்டுக் கத்தியை எடுக்க வேண்டும். பழையபடி ஒரு சாண். நாய்க்கு ஒன்றும் ஆகாது. உடைவது மச்சினன் மூக்கு மட்டும்தான்.

அந்த மருந்து போட்டால் நாயின் மூச்சும் நின்றுவிடும். அதற்கென்றே மூச்சு விடும் மெஷின் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருந்தது. போட்டாரா இல்லையா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஊசி டாக்டரின் சட்டைப் பைக்குள் போனது.

போட்டாயிற்று என்று தலையை ஆட்டினார்.

மச்சினன் கொஞ்சம் காத்திருந்தான். முகம் மலர்ந்தது. உள்ளே இப்போது பந்தே விளையாடலாம் என்றான்.

டாக்டரும் திரையைப் பார்த்தார். அதே வயிறு. அதே இடம். ஒரு நூல்கூடக் கூடவில்லை.

ஆனால் இவ்வளவு நேரம் தடுமாறிய கத்தரி, பூப்பறிப்பதுபோல் இரண்டு சினைப்பைகளையும் பறித்துக்கொண்டு வந்தது.

வெளியே பெஞ்சில் காத்திருந்த நாய்க்காரியிடம் நாயைக் கொண்டுபோய்க் காட்டி, மச்சினன் அந்த மருந்தின் மகிமையை விலாவாரியாக அளந்தான். பொட்டு வைத்தாற்போன்ற இரண்டு தையல்களைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் பைக்குள் கையை விட்டார். ஊசி நிறைய மருந்து. எடுத்துக் காட்டினால் போதும், மருந்தாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிடும்.

வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது. காட்டினால், அந்த மருந்துகூட இல்லாமல் சாதித்தவன் ஆகிவிடுவான்.

ஊசியைப் பைக்குள் இன்னும் ஆழத் தள்ளினார்.

நாய்க்காரி அவர் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குத்தாங்க நம்ம குட்டியை உங்க கையில குடுக்காம என் தம்பிகிட்ட குடுத்தேன்."