மறதியம்மாவின் பாஸ்வேர்டு

இதை எனக்குச் சொன்னவள் என் இளைய மகள். போன வியாழக்கிழமை மத்தியானம், துவைத்த திரைச்சீலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

அவள் கம்ப்யூட்டர் டீச்சர். தப்புப் பண்ணி கோர்ட் வரைக்கும் போய்வந்த இளசுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். கம்ப்யூட்டரில் கோளாறு என்று போன் செய்கிறவர்களுக்கு வழி சொல்கிற வேலைக்கான பயிற்சி.

"மிஸ், மறதியம்மா லைன்ல!" என்று ஒருவன் கத்துவான். வகுப்பே சிரிக்கும்.

மறதியம்மா ஓய்வு பெற்ற நூலகர். பிள்ளைகள் பேசிப் பழக வேண்டுமே, அதற்காக வீட்டிலிருந்தே போன் செய்து, வாடிக்கையாளர் மாதிரி நடிக்க ஒப்புக்கொண்டவர்களில் ஒருவர். மற்றவர்கள் தினம் ஒரு கோளாறு சொல்வார்கள். இவருக்கு எப்போதும் ஒரே கோளாறு, பாஸ்வேர்டு மறந்துபோச்சு. அதுவும் ஒரே பெண்ணிடம்தான் பேசுவார்.

அந்தப் பெண்ணுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு குரல். அந்தக் குரலால்தான் கெட்டாள். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி ரகசிய எண்ணைக் கறக்கும் கும்பலில், பேசுகிற ஆள் இவள். பதினெட்டு வயதில் பிடிபட்டாள். இப்போது சீர்திருத்த இல்லத்திலிருந்து காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிறாள்.

"எடு, எடு. உன் மாமியார் காத்துக்கிட்டிருக்காங்க" என்பான் பக்கத்து மேஜைக்காரன்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியே மேஜைகள் மேல் ஊறிக் கிடக்கும். பத்துப் பேரும் தணிந்த குரலில் பேசுவது, தூக்கத்தில் பேசுவது போல இருக்குமாம்.

"ஏன்மா கண்ணை மூடிக்கிற?"

"அப்பதான் மிஸ், அந்தப் பக்கம் இருக்கறவங்க முகம் தெரியுது. முன்னாடி திறந்தேதான் வெச்சிருந்தேன். ஒரு முகமும் தெரியல."

மறதியம்மாவின் பேச்சு மாறவே மாறாது.

"பழைய பாஸ்வேர்டு ஏதோ ஞாபகம் வருதும்மா. சொல்றேன், எழுதிக்கிறியா?"

"வேண்டாம்மா. பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்கறது எங்க விதி. சொல்லாமலே புதுசு மாத்திக்கலாம்."

பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவாள். முடிந்ததும் மறதியம்மாவிடமிருந்து முடிவு வரும்: 'இன்னும் போதாது.'

ஒன்பது தடவையும் இதே கதை.

ஒரு கம்பெனியில் ரேடியோவுக்காக நாற்காலி காத்திருந்தது. போன் செய்கிற எல்லாரும் 'தேறினாள்' என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை. இல்லையென்றால் இல்லத்தில் இன்னும் ஒரு வருஷம். எல்லாரும் கொடுத்துவிட்டார்கள், இவர் ஒருத்தரைத் தவிர.

"என்ன கல்நெஞ்சும்மா அது! பொழுது போகலைன்னா ஒரு பொண்ணு வாழ்க்கையிலயா விளையாடுறது?" என்று, அன்றைக்குத் தனக்கு வந்த கோபத்தை அப்படியே சொல்லிக் காட்டினாள் என் மகள். கேட்டுக்கொண்டிருந்த நானும், 'சாமி, அந்த அம்மாவுக்கு நல்ல புத்தியைக் கொடு' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"அவங்களுக்குப் பதிலா வேற ஆளைப் போடட்டுமா?" என்று ரேடியோவிடம் கேட்டும் பார்த்திருக்கிறாள்.

"வேண்டாம் மிஸ். அவங்களே இருக்கட்டும்."

கடைசி நாள். பத்தாவது அழைப்பு. மகளும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"சொல்றேம்மா, எழுதிக்கோ."

"வேண்டாம்மா."

"நீ நல்ல பொண்ணாச்சே. உன்கிட்ட சொன்னா என்ன?"

ரேடியோவின் மூடிய கண்ணோரம் ஈரம்.

"நானே கேட்டாலும் சொல்லாதீங்கம்மா."

ஹெட்போனில் இரண்டு பேருடைய மூச்சு மட்டும் எங்கோ தூரத்து அலை மாதிரி வந்து வந்து போனதாம்.

அப்புறம் முடிவு வந்தது: 'தேறினாள்.'

மகள் உடனே மறதியம்மாவுக்குப் போன் போட்டாள். "இதை முன்னாடியே கொடுத்திருக்கலாமே? ஒன்பது தடவை ஏங்க அலைக்கழிச்சீங்க?"

"ஒன்பது தடவையும் நீங்க சொல்லிக் கொடுத்ததைச் சொன்னா. இன்னிக்குத்தான் அவ பேசினா" என்றார் அவர். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே குரல் என்கிட்ட எண் கேட்டுச்சும்மா. நானும் சொன்னேன். அதுலேர்ந்து தெரியாத நம்பர்ல போன் வந்தா எடுக்கறதே இல்ல. இனிமே எடுப்பேன். அவளுக்குத் தெரிய வேண்டாம், பாவம். புது வேலைக்குப் போற பொண்ணு."

போனை வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினாள் என் மகள். ரேடியோ ஹெட்போன் ஒயரைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ஒண்ணு சொல்லட்டுமா? முதல் நாள் அவங்க 'ஹலோ'ன்னப்பவே யாருன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அவங்களுக்குத்தான் என் குரல் மறந்துபோச்சு. நீங்க சொல்லிடாதீங்க மிஸ். இப்பதான் நிம்மதியா பேசுறாங்க."

திரைச்சீலை எங்கள் இருவர் கையிலும் பாதி மடிப்போடு அப்படியே நின்றது. அந்த அம்மாவுக்குக் கேட்ட நல்ல புத்தியை வாபஸ் வாங்கி, எனக்குக் கேட்டுக்கொண்டேன்.

இந்த ரகசியத்தைச் சாமியிடம் மட்டும்தான் சொன்னேன். அவருக்கு எப்படியும் முன்பே தெரியும். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

அவர்கள் இரண்டு பேரில் யாரையாவது பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.