ஒரே சீப்பு

மணிலாவில் ஒரு தள்ளுவண்டி. ஒரே சீப்பில் இருந்த இரண்டு வாழைப்பழங்கள் எண்ணெயில் பொரிந்தன. பலாச்சுளைத் துண்டோடு மாவுத்தாளில் சுருட்டியது துரோன் ஆனது. வெறும் சர்க்கரைப் பாகோடு குச்சியில் ஏறியது பனானா கியூ.

தட்டில் வைத்ததும், "அக்கா, நல்லா இருக்கியா?" என்றது பனானா கியூ.

துரோன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உன் சொந்தமா?" என்று உள்ளேயிருந்த பலா கேட்டது.

"யாரோ. ஆள் தெரியாம கூப்பிடுது."

வண்டிக்காரி இடுக்கியால் இரண்டையும் எடுத்து ஒரே காகிதப் பையில் போட்டாள். இடுக்கி பட்டுத் துரோனின் மாவுத்தாள் கிழிந்தது. உள்ளேயிருந்த பழம் அப்படியே தெரிந்தது. துரோன் கூனிக் குறுகியது.

பனானா கியூ நகர்ந்து வந்து கிழிசலை மறைத்து ஒட்டிக்கொண்டது.

"அசையாம இரு அக்கா. யாருக்கும் தெரியாது."